கதவைச் சாத்துங்க

மினி பஸ் அவளையும் இரண்டு பெட்டிகளையும் இறக்கிவிட்டுத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மலைச்சரிவில் அங்கங்கே விளக்கு போட்டுவிட்டார்கள். பனிமூட்டம் மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி கீழே எங்கோ இருந்தது. அதன் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் மேலே ஏறி வந்தது.

குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் சாவியோடு காத்திருந்தார்.

"நீங்கதான் காது மேடமா?"

"ஆமாண்ணே."

"கடைசி வீடு உங்களுக்கு. ரொம்ப நாளா பூட்டியே கிடக்கு. கொஞ்சம் ஈர வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சா போயிடும்."

பெட்டிகளை வாசல்வரை தூக்கி வந்து வைத்தார். உள்ளே வரவில்லை.

காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. நோயாளியைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து பொத்தானை அழுத்தி ஒலி அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். நாள் முழுக்க அடுத்தவர் கை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலையில் பேச்சுக்கு அதிக இடமில்லை. வீட்டிலும் அப்படித்தான் ஆகிப்போனது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாக வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. தங்கைக்குக் கல்யாணம் ஆனது. அம்மாவும் போனாள். இந்த ஊருக்கு மாற்றல் என்றதும் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

முன்னறையில் பாதையைப் பார்த்த ஜன்னல். அதன் பக்கத்தில் கைவைத்த நாற்காலி. எதிர்ச்சுவரில் ஒரு புத்தக அலமாரி. அலமாரியைப் பார்த்ததும் தோளிலிருந்த பையை அப்படியே கீழே போட்டாள்.

மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை மப்ளர்காரர் நாவல்கள். ஒன்று விடாமல், வந்த வரிசைப்படி.

சுட்டெரிக்கிற வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார் அந்தத் துப்பறிவாளர். பழைய சைக்கிள், ஓயாத இருமல். எந்த வீட்டில் கொலை நடந்தாலும் முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பார். பிணத்தைப் பார்த்த கையோடு அவருக்குப் பசிக்கும். ஊரெல்லாம் நடுங்கும் மனிதர், வீட்டில் அண்ணியிடம் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்காததற்குத் திட்டு வாங்குவார். கடைசி அத்தியாயத்தில் சந்தேகத்துக்குரிய எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு சொல்வார்: "கதவைச் சாத்துங்க."

அந்த இரண்டு வார்த்தைக்காகவே அவளும் தங்கையும் ஒரே போர்வைக்குள் தலையை முட்டிக்கொண்டு படித்த காலம் ஒன்று உண்டு. தங்கை திருட்டுத்தனமாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவாள். கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே அக்காவிடம் பாத்திரம் கழுவும் முறையைத் தள்ளிவிடுவாள்.

பெட்டியைப் பிரிக்காமலே முதல் நாவலை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

மழைக் கோட்டோடு ஒருவன் ரயிலிலிருந்து இறங்கிக் காணாமல் போகிற கதை. எத்தனையோ வருஷம் முன்பு படித்தது, நல்லவேளையாக முடிவு மறந்திருந்தது. ஆர்வத்தில் மடமடவென்று போனாள். ஓரிடத்தில் பக்கத்தைத் திருப்பப் போனால், பக்கம் வரவில்லை. ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று நகத்தால் நெருடினாள். பாதி எழுந்தது. எழுந்த பக்கம் மெல்லப் பழையபடி படிந்தது.

யாரோ விரலை வைத்து அமர்த்தியதைப் போல.

சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டாள். இப்போது சுலபமாகத் திரும்பியது.

அதற்கப்புறம் அடிக்கடி அப்படி நடந்தது. அவள் வேகமாகப் படிக்கிற இடங்களில் மட்டும். ஒரு சாயங்காலம், மப்ளர்காரர் பிணத்தருகே நின்று பிஸ்கட் சாப்பிட்டு மாட்டிக்கொள்கிற இடத்தில், அவள் சிரித்தாள். அவள் சிரித்து முடித்தபின், தோளுக்குப் பின்னால் மூக்கால் ஒரு சிரிப்பு கேட்டது.

சின்னச் சிரிப்பு. ஒருவர் தனக்குள் சிரித்துக்கொள்கிற மாதிரி.

தன் காதைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பைப்பில் காற்று, கூரையில் பூனை, பக்கத்து வீட்டு ரேடியோ, எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுவாள். இது எதுவுமில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, பாதையில் யாராவது வருகிறார்களா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் போய் நின்றாள்.

"இந்த வீட்ல முன்னாடி யாருண்ணே இருந்தாங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "லேப்ல இருந்தவரு மேடம். ரத்தம் டெஸ்ட் பண்றவரு. தனி ஆளு. யார்கிட்டயும் வம்பு தும்பு கிடையாது. வேலை விட்டா வீடு, வீடு வந்தா புத்தகம். ஜன்னல்கிட்ட உட்கார்ந்து படிப்பாரு."

"எங்க போனாரு?"

"லீவு போட்டிருந்தாரு. போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்த்தோம். விளக்கு எரியுது, மடியில புத்தகம், தலை குனிஞ்சிருக்கு. படிக்கிற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு போயிட்டோம்." அவர் குரல் தாழ்ந்தது. "நானே கை காட்டிட்டுப் போயிருக்கேன் மேடம். லீவு முடிஞ்சும் வேலைக்கு வரலைன்னு தேடி வந்தப்பதான்..."



"பாதியிலயா இருந்துச்சு?"

"எது மேடம்?"

"அந்தப் புத்தகம்."

வாட்ச்மேன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே வீட்டை மாற்றிக் கேட்டிருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். ஆனால் வேலை முடிந்து திரும்பிவந்து, அந்த நாற்காலியைப் பார்த்தபோது, பயத்தைவிட வேறொன்று நெஞ்சை அடைத்தது. விளக்கெரிகிற ஜன்னல். கைகாட்டிவிட்டுப் போகிறவர்கள். அவளை யார் தேடி வருவார்கள்? தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அதுவும் அவள் வீட்டு வேலை ஒழிந்தால்.

உள்ளறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள்.

"சத்தமாவே படிக்கிறேன்," என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. "அப்போ என் கையைப் பிடிக்க வேண்டாம் பாருங்க."

அம்மா போனபின் அவள் வீட்டுக்குள், போனில் அல்லாமல், வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

அந்த மழைக்காலத்தைப்போல அவள் வாழ்க்கையில் ஒரு காலம் இருந்ததில்லை. வேலை விட்டதும் ஓட்டமும் நடையுமாக மேடேறி வருவாள். பனி ஜன்னலில் வந்து நிற்கும். அவள் குரல் மாற்றி மாற்றிப் படிப்பாள்: மப்ளர்காரருக்கு இருமல், அண்ணிக்கு அதட்டல், சொத்துக்கு அலைகிற பிள்ளைகளுக்கு மூக்குப் பேச்சு. நடுவில் நிறுத்தி, "மருமகன்தான். பந்தயம் கட்டறீங்களா?" என்பாள். பக்கத்தில் நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கும். ச்சு. அப்படியென்றால் மருமகன் இல்லை. கோபம் வரும், சிரிப்பும் வரும். மீதியை இன்னும் வேகமாகப் படிப்பாள். கடைசி அத்தியாயம் வந்து, "கதவைச் சாத்துங்க" என்று அவள் படிக்கும்போது, வாசல் கதவு மெதுவாக, கீச்சென்றுகூடச் சத்தம் போடாமல் சாத்திக்கொள்ளும். முதல் தடவை உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அதற்காகவே காத்திருந்தாள்.

நர்ஸுகள் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். தலைவலி என்றாள். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். தங்கையின் போன் குறைந்து, ஒரேயடியாக நின்றது. அவள் மாசமாயிருக்கிறாள், களைப்பாயிருப்பாள் என்று இவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாமாகக் கூப்பிடலாமே என்று தோன்றும்போதெல்லாம், கதை நல்ல இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

அலமாரி தீர்ந்தது. லேப்பில் இருந்தவர் போனபின் வெளிவந்த புத்தகங்களை வரவழைத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது கன்னத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. அத்தனை அவசரம் அதற்கு.

அந்தப் புதுப் புத்தகங்களில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒரு நாள், வயதான லாரி டிரைவர் ஒருவர் வந்தார். எஞ்சின் பக்கமிருந்த காது மந்தமாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர் கையைத் தூக்கினார்.

"இன்னும் ஆரம்பிக்கலை ஐயா," என்றாள் மைக்கில்.

கை கீழே இறங்கியது. மறுபடி எழுந்தது.

கதவைத் திறந்து உள்ளே போனாள். "என்ன கேக்குது உங்களுக்கு?"

"காகிதம் திருப்பற சத்தம்மா," என்றார் அவர். "கேக்காத காதுலதான் கேக்குது. யாரோ படிக்கிறாங்க. பொம்பளைக் குரல்." அவளை உற்றுப் பார்த்தார். "உங்க குரல் மாதிரியே இருக்கு."

அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோதுதான் வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தங்கையின் கணவன். ஷேவ் செய்யாத முகம், கசங்கிய சட்டை.

"நல்லாயிருக்கீங்களா அண்ணி," என்றான். நலம் விசாரிக்கிற குரல் அல்ல அது.

"தம்பி! என்ன திடீர்னு? அவ எப்படி இருக்கா?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா? குறைமாசத்துல குழந்தை பொறந்து கண்ணாடிப் பெட்டியில கிடக்கு. பொழைக்குமான்னு டாக்டருங்க கையை விரிக்கிறாங்க. அவ தினமும் அழுதுகிட்டே உங்களுக்குப் போன் பண்றா. நீங்க என்ன சொல்றீங்க? 'படிச்சிட்டு இருக்கேன், அப்புறம் பேசலாம்.' நேத்து என் காதாலயே கேட்டேன் அண்ணி. குழந்தை மூச்சு விடலைக்கான்னு அவ கதறுறா. 'இந்த அத்தியாயம் முடியட்டும்'னு சொல்லிட்டு வெச்சீங்க."

"நானா?"

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். தங்கையின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப்பட்டிருந்தது.



"என்னைக் கூட்டிட்டுப் போங்க தம்பி. இப்பவே. ரெண்டு துணி மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் காரைக் குடியிருப்புக்கு வெளியே நிறுத்தினான். மதியவேளைதான், ஆனால் பனி அப்படி மூடியிருந்தது. அவள் ஓடிப்போய்த் துணிகளை அள்ளிப் பையில் திணித்தாள். கைக்குக் கனமாகத் தட்டுப்பட்ட புதுப் புத்தகத்தை வெளியே எடுத்து, நாற்காலியில் போட்டாள்.

"நான் போறேன்," என்றாள். "மன்னிச்சுக்குங்க."

வாசல் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். சுவரை இடிப்பதுபோல இருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். பனியில் காரின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. "தம்பி!" என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். வாய் திறந்தது, நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து அவளுடைய குரல் பேசியது.

"நீங்க போங்க தம்பி. நான் படிச்சிட்டு வர்றேன்."

சத்தமாக, தெளிவாக, வெளியே கேட்கும்படி.

வெளியே எஞ்சின் உறுமியது. அவன் கோபத்தில் கார் கதவை அடித்துச் சாத்தியது கேட்டது.

நாற்காலியில் கிடந்த புத்தகம் தானாகப் பிரிந்து, கடைசி அத்தியாயத்தில் நின்றது. ஈர வாடை மூச்சை முட்டியது. அவள் அதை எடுத்தாள். முதல் வரியில் கண்ணை வைத்ததும் தொண்டை திறந்துகொண்டது. "அறையில் மூச்சுவிடும் சத்தம் மட்டுமே கேட்டது," என்று படித்தாள். சொந்தக் குரல். படிப்பதை நிறுத்தி, "தம்பி" என்று வாயெடுத்தாள். குரல் அறுந்தது.

படிப்பதற்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

படித்தாள். கண்ணீர் எழுத்தை மறைக்க மறைக்கப் படித்தாள். விதவையும் வக்கீலும் வந்து உட்கார்ந்தார்கள். மருமகன் சிகரெட்டை அணைத்தான். காதோரம் குளிர்ந்த மூச்சு, பழைய ஆவலோடு, நெருங்கி வந்தது. கார் பின்னால் போய்த் திரும்புகிற சத்தம் கேட்டது. மப்ளர்காரர் இருமினார். மப்ளரை அவிழ்த்தார், மடியில் வைத்தார். அடுத்த வரியை அவள் கண் பார்த்துவிட்டது.

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டாள். அதே குரலில், அதே மூச்சில், படிக்கிற மாதிரியே சொன்னாள்:

"மப்ளர்காரர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார், 'கதவைத் திறங்க.'"

அறை திகைத்து நின்றது.

கதவு திறந்தது.

அவள் பையையும் எடுக்கவில்லை, செருப்பையும் போடவில்லை. கையிலிருந்த புத்தகத்தை வாசலில் எறிந்துவிட்டுச் சரிவில் உருண்டு புரண்டு ஓடினாள். வளைவில் கார் விளக்குக்கு நேரே போய் நின்றாள். பின்னால் வீட்டுக்குள் யாரோ அழுதார்கள். அழுகிற குரலும் அவளுடையதாகவே இருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அக்காவும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாட்களில், போனில் பேசியது தானில்லை என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "சரி விடுக்கா," என்றாள் தங்கை. நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் அந்த ஊருக்குத் திரும்பவில்லை. தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. வீட்டில் எந்நேரமும் ஆள் சத்தம், குக்கர் சத்தம், குழந்தையின் அழுகை. மப்ளர்காரர் புதுப் புத்தகங்கள் கடைகளில் தொங்குவதைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். ஆனாலும் சாயங்காலமானால், அத்தனை பேருக்கு நடுவிலும், பேச ஆளில்லாத மாதிரி ஒரு வெறுமை வந்து பக்கத்தில் உட்காரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மேடம், நான் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கிறவன். நீங்க இருந்த வீட்டை எனக்குக் குடுத்திருக்காங்க. உங்க நம்பரை வாட்ச்மேன்தான் தந்தார்." அவர் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"என் தங்கச்சி வீட்ல. ஏன்?"

"இல்ல... முன்னறையில உங்க குரல் கேக்குது. எனக்கு உங்களைத் தெரியாது. ஆனா வாட்ச்மேன் கேட்டுட்டு, இது காது மேடம் குரல்தான்னு அடிச்சுச் சொல்லிட்டு ஓடிட்டார். இருங்க, போனை அந்தப் பக்கம் வைக்கிறேன்."

ஏதோ உரசியது. பிறகு அவள் தன்னையே கேட்டாள்.

நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு, அவள் குரல் படித்துக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்தில் ஒரு கொலை. படகில்லாத நாள், யாரும் வந்து போகவில்லை, ஆனாலும் மேஜையில் மூன்று காபிக் கோப்பைகள். மப்ளர்காரர் மூன்றாவது கோப்பையை முகர்ந்து பார்த்தார். இந்த வழக்கை அவள் படித்ததில்லை. அந்த அலமாரியில் இது கிடையாது.

எக்ஸ்ரேக்காரர் லேசாகச் சிரிப்பது கேட்டது. சற்றுக் கழித்து, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்: ஒன்று மூக்கால் வருகிற அந்தப் பழைய சிரிப்பு, மற்றது அவளுடையது.

"ஐயா," என்றாள் அவள். "ஐயா, அங்கயிருந்து உடனே வெளிய வந்துடுங்க."

பதில் இல்லை. படிப்புதான் தொடர்ந்தது. கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஈரக் கால்தடங்கள், ஏறிப் போனவை மட்டும், இறங்கியவை இல்லை.

சமையலறையிலிருந்து தங்கை ஏதோ கேட்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது. இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விரலும் பொத்தானைத் தேடிக்கொண்டுதான் போனது.

கதவோரமாக ஒதுங்கி நின்று, அவள் ஒலியைக் கூட்டிக்கொண்டாள்.